வளர்ச்சிக்கு விட்ட மூன்று இஞ்ச்

"கையை எடுடா."

"எடுத்தா இறங்கிடும் பெரியம்மா."

"இறங்கட்டும். எவ்வளவு இறங்குதுன்னு பாக்கணும்ல."

ஸ்டூல் மேல் நின்றவன் கையை எடுத்தான். போன வருடத்துச் சீருடைக் கால்சட்டை இடுப்பிலிருந்து வழுக்கி, இடுப்பெலும்பில் தட்டி நின்றது. கீழே நின்ற அவன் அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தியாக்கா? நர்ஸ் சொன்னது சரிதான். நல்லா குறைஞ்சுட்டான். புதுசு வேணாம், இதையே பிடிச்சுக் குடு. இந்த வருஷத்தையும் ஓட்டிடலாம்."

 டேப் அக்கா கழுத்தில் தொங்கிய டேப்பை இழுத்துத் தங்கை மகனின் இடுப்பைச் சுற்றினாள். இருபத்தொன்பதரை. கால்சட்டையின் இடுப்பு முப்பத்தொன்று. ஒன்றரை இஞ்ச் பிடித்தால் போதும். எங்கே பிரிப்பது என்று பார்க்க இடுப்புப் பட்டியை உள்பக்கம் திருப்பியபோது ஓட்டைகள் கண்ணில் பட்டன.

ஊக்கு குத்திய ஓட்டைகள். மூன்று ஜோடி. முதல் ஜோடிக்கு நடுவே மூன்று இஞ்ச் இடைவெளி. அதன் துரு துவைத்துத் துவைத்து வெளிறிப்போயிருந்தது. அடுத்தது இரண்டேகால் இருக்கும். கடைசி ஜோடி ஒன்றரை. அதன் துரு புதிது, விரலில் ஒட்டியது.

"எப்பலேர்ந்துடா ஊக்கு குத்தறே?"

"தைச்ச அன்னிலேர்ந்து."

"போன வருஷம் ஸ்கூல் திறந்தப்பவே லூசா?"

"ரொம்ப லூசு. அம்மாதான் குத்தி விடுவாங்க. இப்பதான் கொஞ்சம் சரியாயிருக்கு."

அவள் நிமிர்ந்தாள். மறுபடியும் குனிந்து ஓட்டைகளை விரலால் அளந்தாள். மூன்று, இரண்டேகால், ஒன்றரை. ஒரு வருடத்தில் கால்சட்டை இவ்வளவு சுருங்காது. உள்ளே இருந்தவன்தான் நிரம்பியிருக்கிறான். இவன் குறையவில்லை. மாதாமாதம் ஏறியிருக்கிறான்.

அப்படியானால் போன வருட நோட்டில் எழுதியிருக்கும் முப்பத்தொன்று யாருடைய இடுப்பு?

அப்போது மணி பதினொன்று. மூன்று மணிக்குப் பணம் தரும் அமைப்பின் குழு வருகிறது.

கடை பத்துக்கு எட்டு அறை. இரண்டு தையல் மெஷின், ஓரம் அடிக்க ஒரு மெஷின், அயர்ன் பெட்டி, நடுவில் வெட்டு மேசை. மேசைக்கு அந்தப் பக்கம் அவள் கணவர். தெருவில் எல்லாருக்கும் அவர் கட்டர். அவளுக்கு டேப் அக்கா என்று பெயர் வைத்தது பள்ளிப் பிள்ளைகள். சாப்பிடும்போதுகூட டேப் கழுத்தில் இருக்கும் என்று ஒரு பேச்சு உண்டு. அது உண்மை. பதினேழு வயதில் அந்த டேப்பை மாட்டினாள், இப்போது நாற்பத்தேழு. இரண்டு பள்ளிகளின் சீருடை, வருடத்துக்கு அறுநூறு பிள்ளைகளுக்குக் குறையாது. பள்ளி முடிகிற மாதத்தில் வகுப்பு வகுப்பாகப் போய் அளப்பாள். விடுமுறை முழுக்கத் தைப்பார்கள். அளவை அவள் வாயால் சொல்வாள், அவர் நோட்டில் எழுதுவார், நோட்டைப் பார்த்து வெட்டுவார். இருபத்தைந்து வருடமாக இதுதான் ஏற்பாடு. தான் சொன்னதையும் நோட்டில் இருப்பதையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய வேலை அவளுக்கு வந்ததில்லை.

அலமாரியிலிருந்து போன வருட நோட்டை உருவினாள். நாலாம் வகுப்பு, பி பிரிவு. தங்கை மகனின் பெயர். இடுப்பு 31.

"என்னங்க, இது உங்க கையெழுத்துதானே?"

கட்டர் கத்திரியை நிறுத்தாமலே எட்டிப் பார்த்தார். "வேற யாரு எழுதுவா?"

"நான் அன்னிக்கு என்ன சொன்னேன்?"

"போன வருஷம் சொன்னத இன்னிக்குக் கேக்கறே. இருபத்தெட்டுன்னு சொல்லியிருப்ப."

"அப்ப முப்பத்தொண்ணு எங்கேர்ந்து வந்தது?"

"மூணு சேத்தேன். வளர்ற புள்ள."

"நோட்டுலயா சேத்தீங்க?"

"பின்ன, சுவத்துலயா எழுதுவேன்?"

தங்கை சிரித்தாள். அக்காவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"எல்லாருக்கும் இப்படித்தானா?"

"எல்லாருக்கும்தான். பொண்ணுங்களுக்கு ஒண்ணரை, பசங்களுக்கு ரெண்டு. அம்மாக்காரி பக்கத்துல நின்னு 'வளர்ற புள்ள, பாத்து வெட்டுங்க'ன்னா மூணு. இவன் நம்ம வீட்டுப் புள்ள, யாரும் கேக்காமலே மூணு." கத்திரி துணியின் கடைசி வரை ஓடி நின்றது. "நீ சொன்னத அப்படியே வெட்டியிருந்தா கடைய எப்பவோ மூடியிருப்போம்."

அவர் வெட்டும்போது கூட்டிக்கொள்கிறார் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். எழுதும்போதே கூட்டுகிறார் என்று தெரியாது. தெரிந்திருந்தாலும் முன்பு அதில் ஒன்றுமில்லை. நோட்டு வெட்டுவதற்கான நோட்டு. கடந்த இரண்டு வருடமாகத்தான் அது வேறு ஒன்றுக்கும் ஆகிவிட்டது.

"என்னக்கா, குறைஞ்சானா இல்லையா?" என்றாள் தங்கை.

"சாயங்காலம் வா. கால்சட்டை இங்கேயே இருக்கட்டும்."

"இவனுக்கு இப்பல்லாம் சாயங்காலம் ட்யூஷன் இருக்கு. நாலு மணிக்கு ஒண்ணு, ஆறு மணிக்கு ஒண்ணு."

"கிரவுண்டுக்கு அனுப்பறதில்லையா?"

"அதான் குறைஞ்சுட்டானே."

பையன் மாற்றுக் கால்சட்டையைப் போட்டுக்கொண்டு, பையிலிருந்து ஆரஞ்சு நிறப் பாட்டிலை எடுத்துக் குடித்தபடியே படியிறங்கினான். நர்ஸ் நல்ல செய்தி சொன்ன நாளிலிருந்து அது அவனுக்கு தினம் ஒன்று. பரிசு.

தங்கைக்கு மூத்தது பெண். இப்போது பதினைந்து. பதின்மூன்று வயதில் நாக்கு வறண்டது என்று தண்ணீரைக் குடம் குடமாகக் குடித்தாள், இரவில் நாலு தடவை எழுந்தாள், கழுத்தைச் சுற்றிக் கறுத்தது. தேய்த்துக் குளிக்காததால் வந்த அழுக்கு என்று தங்கை அடித்தாள்கூட. சர்க்கரை என்றார்கள். பெரியவர்களுக்கு வருகிற சர்க்கரை, பிள்ளைக்கு வந்திருக்கிறது. எப்போதிலிருந்து உடம்பு போட்டது என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோது தங்கைக்குச் சொல்லத் தெரியவில்லை. அன்று மாலை டேப் அக்கா கடையில் பழைய நோட்டுகளை எடுத்து வரிசையாக வைத்தாள். இருபத்துநாலு, இருபத்தாறு, இருபத்தெட்டரை, முப்பத்தொன்று, முப்பத்துமூன்று, முப்பத்தைந்து. ஆறு வருடம். ஆறும் அவள் வாயால் சொன்னவை என்றுதான் அன்று நினைத்தாள்.

தங்கை ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "வருஷா வருஷம் நீதானேக்கா அளந்தே?"

 மறுநாள் அதே டாக்டரிடம் போய், அளவைப் பார்த்து முன்கூட்டியே சொல்ல முடியுமா என்று கேட்டாள். இடுப்பு, உயரத்தில் பாதியைத் தாண்டினால் கவனிக்க வேண்டும் என்றார் அவர். அந்த வருடத்திலிருந்து பிள்ளைகளின் உயரத்தையும் அளந்தாள். உயரத்தால் வெட்டுக்கு எந்தப் பிரயோஜனமும் இல்லை என்பதால் கட்டர் அதை மட்டும் சொன்னபடியே எழுதினார்.

சுகாதார நிலையத்து நர்ஸ் சீருடை தைக்க வந்தபோது அந்த நோட்டைப் பார்த்தாள். நின்ற நிலையிலேயே பத்துப் பெயருக்குக் கணக்குப் போட்டாள். "அக்கா, எங்க ஆஸ்பத்திரியிலகூட இது கிடையாது" என்றாள். அப்படித் தொடங்கியது. முதல் வருடம் பாதியைத் தாண்டியவர்கள் தொண்ணூற்றேழு பேர். இருவரும் வீடு வீடாகப் போனார்கள். பள்ளிக்குப் பின்னால் பூட்டிக் கிடந்த மைதானத்தைத் தலைமையாசிரியரைக் கெஞ்சித் திறந்தார்கள். மாலை நாலரையிலிருந்து ஆறரை வரை. வாட்ச்மேன் சம்பளத்துக்கு நர்ஸ் எங்கெங்கோ அலைந்து ஒரு வருடத்துக்கு வாங்கி வந்தாள். கேட்டுக்கு எதிரே கலர் தண்ணீர் விற்ற கடைக்காரரிடம் மட்டும் பருப்பு வேகவில்லை.

இரண்டாம் வருட அளவுக்கு முன்பு கட்டருக்குக் கண்ணில் ஆபரேஷன். அளந்ததும் எழுதியதும் அவளே. கணக்குப் போட்டால் சரியாக வருகிறதா என்று அம்மாக்கள் கேட்டதால் நாடாவையும் அந்த வருடம்தான் கண்டுபிடித்தாள். பிள்ளையின் உயரத்துக்கு நாடாவை வெட்டி, இரண்டாக மடித்து, இடுப்பைச் சுற்றுவது. முனைகள் தொட்டால் சரி. தொடாவிட்டால் எத்தனை விரல் இடைவெளி என்று அம்மாவே பார்த்துக்கொள்ளலாம்.

இந்த வருடம் பாதியைத் தாண்டியவர்கள் ஐம்பத்தொன்று. தொண்ணூற்றேழிலிருந்து ஐம்பத்தொன்று. நர்ஸ் கடையிலேயே குதித்தாள். பிள்ளைகளுக்கு நீடித்த நோய் வராமல் தடுக்கும் புதிய முயற்சிகளுக்குப் பணம் தருகிற ஒரு அமைப்புக்கு எழுதிப் போட்டாள். முதல் வடிகட்டலில் தேறியது, இரண்டாவதிலும் தேறியது. இன்று நேரில் பார்க்க வருகிறார்கள். கிடைத்தால் மைதானம் மூன்று வருடத்துக்குத் திறந்திருக்கும், கேட்டுக்குப் பக்கத்தில் குடிதண்ணீர்க் குழாய் வரும், வேறு ஆறு பகுதிகளில் ஆறு தையல்கடைகளுக்கு இந்த முறையைச் சொல்லிக் கொடுக்கலாம்.

போன வருட நோட்டு கட்டரின் கையெழுத்து. இந்த வருட நோட்டு அவளுடையது. அவர் நோட்டில் உடம்போடு சேர்த்து வளர்ச்சியும் இருந்தது. அவள் நோட்டில் உடம்பு மட்டும்.

பன்னிரண்டரைக்கு நர்ஸ் ஃபைலோடு வந்தாள். டேப் அக்கா கால்சட்டையைத் திருப்பிக் காட்டி, சொல்லி முடித்தாள். நர்ஸ் உட்காரவில்லை.

"விளையாடாதீங்கக்கா."

"விளையாடலை."

"சரி. எல்லாத்துலயும் ரெண்டு கழிச்சிடலாம். முதல் வருஷத்தை மறுபடி போடலாம். ரெண்டு மணி நேரம் இருக்கு, நான் போட்டுடறேன்."

"கழிக்க முடியாது" என்றார் கட்டர். "யாருக்கு ஒண்ணரை, யாருக்கு மூணுன்னு எழுதி வைக்கல."

"அண்ணே, நீங்க கொஞ்சம் சும்மா இருங்க."

"இருபத்தஞ்சு வருஷமா சும்மாதான் இருக்கேன். அதான் யாருக்கும் தெரியல."

நர்ஸ் அவரைப் பார்த்த பார்வையில் அவர் கத்திரியை எடுத்துக்கொண்டு துணிப் பக்கம் திரும்பினார்.

"அக்கா, கேளுங்க. குறைஞ்சது பொய்யாவே இருக்கட்டும். புள்ளைங்க ஓடறது பொய்யா? போன மாசம் தினம் எண்பது புள்ளைங்க. அது பொய்யா?"

"இல்ல."

"அந்த எண்ணு ஒரு கதவுக்கா, அவ்வளவுதான். உள்ள போயிட்டா அப்புறம் நல்லதுதானே செய்யப் போறோம்? யாரும் நோட்டை வரிவரியா பாக்கப் போறதில்ல. பக்கம் புரட்டுவாங்க, போட்டோ எடுப்பாங்க, போயிடுவாங்க."

"உன்கிட்ட நாப்பத்தாறு அம்மாங்க பேரு இருக்கு. குறைஞ்சிருக்குன்னு நாம வீட்டுக்குப் போய்ச் சொன்ன பேரு. அதுல எத்தனை பேரு புள்ளைய கிரவுண்டுக்கு அனுப்பறத நிறுத்தியிருப்பாங்க?"

"அந்த நாப்பத்தாறு பேரும் இந்த வருஷ அளவுல பாதிக்குக் கீழதானே இருக்காங்க? அவங்களுக்கு ஒண்ணும் இல்ல."

"சரி, மீதி ஐம்பத்தொண்ணு? என் தங்கச்சி புள்ள அதுல இருக்கான். இன்னும் கொஞ்சம்தான் பாக்கி, இறங்கிக்கிட்டு வர்றான்னு சொன்னே. அவன் ஏறிக்கிட்டு இருக்கான்."

"அதை உங்க தங்கச்சிகிட்ட தனியா சொல்லுங்க. ஐம்பத்தொண்ணு பேர் வீட்டுக்கும் நானே மறுபடி போய்ச் சொல்றேன், சத்தியமா. இன்னிக்கு மட்டும் வாயைத் திறக்காதீங்க." குரல் இறங்கியது. "முப்பதாம் தேதியோட வாட்ச்மேன் பணம் தீருது. முப்பத்தொண்ணாம் தேதி கேட்டுல பூட்டு. உங்க தங்கச்சி புள்ள எங்க ஓடுவான்? ரோட்டுலயா?"

 டேப் அக்கா மெஷினில் உட்கார்ந்து பாதியில் நின்ற ஒரு சட்டைக்குக் கைவைத்தாள். ஊசி இரண்டு முறை நூலை அறுத்தது. மூன்றாவது முறை நூல் கோக்கும்போது சொன்னாள்.

"ஆறு கடைக்குச் சொல்லிக் கொடுப்பேன்னு எழுதியிருக்கே. ஆறு கடையிலயும் ஒரு கட்டர் இருப்பாரு."

நர்ஸ் ஃபைலை மூடினாள். சாப்பிட்டுவிட்டு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள். அவள் போனதும் கட்டர் மேசையைத் துடைக்கத் தொடங்கினார். துடைத்த இடத்தையே துடைத்தார்.

"நான் எழுதினது தப்பில்ல" என்றார்.

"தப்புன்னு நான் சொல்லலையே."

"சொல்லப் போறியா அவங்ககிட்ட?"

"தெரியல."

"சொன்னா என் பேரைச் சொல்லு. நோட்டு சொல்லிச்சு, டேப் சொல்லிச்சுன்னு இழுக்காதே. கட்டர் சேத்தாருன்னு சொல்லு."

அவள் அவரைப் பார்த்தாள். அவர் துணியை உதறி மடித்தார்.

மூன்றே காலுக்கு இருவர் வந்தார்கள். ஒரு டாக்டரம்மா, அறுபதுக்கு மேல், வெட்டிவிட்ட நரைமுடி, காலில் ஓட்டக்காரர்கள் போடுகிற ஷூ. கூடவே கம்ப்யூட்டர் பையோடு ஓர் இளைஞர். கடையில் நாலு பேர் உட்கார இடமில்லை. இளைஞர் ஓரம் அடிக்கும் மெஷின் ஸ்டூலில் உட்கார்ந்து மடியில் கம்ப்யூட்டரை விரித்தார். டாக்டரம்மா நின்றபடியே சுவரிலிருந்த உயரக்கோட்டைப் பார்த்தாள், நாடாச் சுருளை எடுத்துப் பார்த்தாள், வெட்டு மேசையில் கைவைத்துச் சாய்ந்துகொண்டாள்.

நர்ஸ் பேசினாள். நன்றாகப் பேசினாள். மைதானத்தில் எடுத்த படங்கள், வீடு வீடாகப் போன கதை, கலர் தண்ணீர்க் கடைக்காரர் திட்டியது. டாக்டரம்மா இரண்டு இடத்தில் சிரித்தாள். பிறகு தொண்ணூற்றேழு, ஐம்பத்தொன்று. அதைச் சொல்லும்போது நர்ஸ் டேப் அக்கா பக்கம் திரும்பவேயில்லை.

"பெரிய இறக்கம்" என்றாள் டாக்டரம்மா. "ஒரே வருஷத்துல நான் எங்கேயும் பாத்ததில்ல."

நர்ஸ் நாக்கால் உதட்டை நனைத்துக்கொண்டாள்.

டாக்டரம்மா இரண்டு நோட்டுகளையும் அருகருகே வைத்துத் திறந்தாள். சில பக்கங்கள் புரட்டினாள். "கையெழுத்து வேற வேறயா இருக்கே. எழுதறது யாரு, நீங்களாம்மா?"

கத்திரியின் சத்தம் நின்றது. வெளியே யாரோ சைக்கிளை ஸ்டாண்டு போட்டார்கள். இளைஞரின் விரல்கள் கம்ப்யூட்டர் மேல் காத்திருந்தன. நர்ஸ் இப்போது திரும்பிப் பார்த்தாள். பார்வையில் கோபமில்லை, கெஞ்சல்தான்.

'ஆமாம்' என்று ஒரு சொல் சொன்னால் போதும். இந்த வருடத்துக்கு அது உண்மையும்கூட.

டேப் அக்கா மெஷினடியிலிருந்து கால்சட்டையை எடுத்தாள். இடுப்புப் பட்டியை வெளியே திருப்பி நோட்டுகளின் மேல் வைத்தாள்.

"போன வருஷம் இவர் எழுதினாரு. இந்த வருஷம் நான். இவர் எழுதினதுல ரெண்டு இஞ்ச் கூட இருக்கு. சிலதுல ஒண்ணரை, சிலதுல மூணு. வளர்ற புள்ளைங்கன்னு. எனக்கு இன்னிக்குக் காலையிலதான் தெரியும்."

பிறகு ஊக்கு ஓட்டைகளைக் காட்டினாள். இது மூன்று, பள்ளி திறந்தபோது. இது இரண்டேகால். இது இப்போது. நோட்டுப்படி இந்தப் பையன் ஒன்றரை இஞ்ச் இறங்கியிருக்கிறான். ஓட்டைப்படி ஒன்றரை ஏறியிருக்கிறான்.  பேசும்போது விரலைத் துணியில் அழுத்தி வைத்துக்கொண்டாள்.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஓட்டைகளைக் கிட்டத்தில் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். பிறகு நோட்டில் ஒரு வரியைத் தொட்டுக் கட்டரிடம் காட்டினாள்.

"இந்தப் பையனுக்கு எவ்வளவு சேத்தீங்க?"

"இவன் அம்மா கூட வந்திருந்தா. மூணு."

"இந்தப் பொண்ணு?"

"ஒண்ணரை."

"இவன்?"

கட்டர் நோட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். ஆபரேஷன் செய்த கண்ணைச் சுருக்கினார். வேறு யாராவது என்றால் ஏதாவது ஓர் எண்ணைச் சொல்லியிருப்பார்கள்.

"தெரியல" என்றார்.

"தெரியலன்னு போட்டுக்கோங்க" என்றாள் டாக்டரம்மா இளைஞரிடம். இன்னும் பதினைந்து பெயர்கள் கேட்டாள். ஒன்பதுக்குத் தெரியவில்லை.

நர்ஸ் கடைசியில் உட்கார்ந்துவிட்டாள், தைத்து அடுக்கிய சட்டைக் கட்டின் மேலேயே. யாரும் அவளை எழுந்திருக்கச் சொல்லவில்லை.

"முதல் வருஷம் இல்லைன்னா ரெண்டாவது வருஷத்தை எதோட ஒப்பிடறது?" டாக்டரம்மா நோட்டுகளை மூடினாள். "நான் தனியா முடிவு பண்ண முடியாது. குழுவுல சொல்லுவேன். நாளைக்குத் தகவல் வரும்." நர்ஸைப் பார்த்து, "நீங்க எழுதினது நல்லா இருந்தது" என்றாள். அது ஆறுதலா குத்தலா என்று யாருக்கும் தெரியவில்லை.

கிளம்பும்போது மைதானம் எந்தப் பக்கம் என்று கேட்டாள். நாலரை ஆகியிருந்தது. கேட்டில் நின்று பத்து நிமிடம் பார்த்தார்கள். விடுமுறையிலும் அறுபது பிள்ளைகள் இருந்தார்கள். தங்கை மகன் இல்லை. இளைஞர் போட்டோ எடுக்கவில்லை.

ஏழு மணிக்குத் தங்கை வந்தாள். டேப் அக்கா சுற்றி வளைக்காமல் சொன்னாள். தங்கை கேட்டுக்கொண்டே இருந்தாள். கையிலிருந்த சாவிக்கொத்தை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே இருந்தாள்.

"மறுபடியும் உன் நோட்டா?" என்றாள்.

"ஆமா."

"அப்ப இவனுக்கும் வந்துடுமா?"

"தெரியல. இப்ப நாடாவுல இடைவெளி ஒண்ணரை விரல். போன வருஷம் அரையா இருந்தது, ஒண்ணரை ஆயிருக்கு. வராம பாக்கலாம்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

"நீ இதை ரெண்டு மாசம் முன்னாடி சொல்லியிருக்கலாம்."

"எனக்குக் காலையிலதான் தெரியும்டி."

"போன தடவையும் உனக்குத் தெரியல." தங்கை எழுந்தாள். படி வரை போய் நின்றாள். "அந்தப் பாட்டிலை நான்தான்கா வாங்கிக் குடுத்தேன். தினம்."  போய்விட்டாள்.

மறுநாள் ஒன்பது மணிக்குக் கடை திறந்தார்கள். கட்டர் புது நோட்டில் ஸ்கேல் வைத்து ஒவ்வொரு பக்கத்துக்கும் நடுவில் கோடு போட்டார். இடப்பக்கம் உடம்பு, வலப்பக்கம் வெட்டு. இடப்பக்கத்தில் தான் கைவைப்பதில்லை என்று சொன்னார். நாற்பது பக்கம் போட்டதும் கண் வலிக்கிறது என்று மீதியை அவளிடம் கொடுத்தார்.

பத்தே முக்காலுக்கு நர்ஸ் போன் செய்தாள். தகவல் வந்துவிட்டது. இந்த வருடப் பட்டியலில் இல்லை. இந்த வருட அளவையே முதல் வருடமாக வைத்துக்கொண்டு அடுத்த வருடம் மறுபடி எழுதலாம் என்றிருக்கிறார்கள். நாடாவைப் பற்றி ஒரு வரி இருந்தது. அளவு எடுப்பவரும் எழுதுபவரும் ஒருவராகவே இருக்க வேண்டும் என்றும் இருந்தது. நர்ஸ் இரண்டையும் வாசித்துவிட்டு, பணி நேரம் என்று வைத்துவிட்டாள். பன்னிரண்டு மணிக்கு மறுபடி வீட்டுக்குப் போய்ச் சொல்ல வேண்டிய ஐம்பத்தொரு பெயர்களின் பட்டியலைப் போனுக்கு அனுப்பினாள். ஒன்றிலிருந்து இருபத்தாறு வரை தன் பெயர் போட்டிருந்தாள், மீதிக்கு டேப் அக்கா பெயர்.

பதினான்கு செட் சீருடை டெலிவரி கொடுத்தார்கள். ஒரு அம்மா, கால்சட்டை இடுப்பு இறுக்கமாக இருக்கிறது, வளர்ற பிள்ளை என்று சண்டை போட்டாள். கட்டர் அரை இஞ்ச் பிரித்து விட்டார்.

நாலு மணிக்குத் தங்கை மகன் தனியாக வந்தான். அம்மா அனுப்பினாள் என்றான். கையில் பாட்டில் இல்லை. ஸ்டூல் மேல் ஏறச் சொல்லி நாடாவைச் சுற்றினாள். ஒன்றரை விரல். புது நோட்டில் இடப்பக்கம் அவன் பெயருக்கு எதிரே இருபத்தொன்பதரை என்று எழுதினாள். பழைய கால்சட்டையைப் பிரித்து முப்பதுக்குத் தைத்தாள். ஊக்கு ஓட்டைகளில் இரண்டு தையலுக்குள் போய்விட்டன, நாலு வெளியே தெரிந்தன.

நாலரைக்கு அவனை மைதானத்தில் விட்டுவிட்டு வந்தாள். கேட் திறந்திருந்தது. வாட்ச்மேன் பணம் தீர ஒன்பது நாள் இருந்தது.